செவலை சொல்ல மறுத்த வசனம்

அநியாயம் நடந்தது செவலைக்கு. செவலை ஒரு நரிக்குட்டி. பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில், கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் கட்டுகிற கண்ணாடி நட்சத்திரம் காணாமல் போனபோது, எடுத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லாமல், நரி என்கிற ஒரே காரணத்துக்காக அதைத் திருடி என்று சொல்லிப் பனிக்குள் விரட்டிவிட்டார்கள். நட்சத்திரம் பிறகு கிடைத்தது. மணிக்கூண்டின் கூரையோரம் தொங்கிய பனிக்கட்டிகளுக்கு நடுவே அதுவும் ஒரு பனிக்கட்டி போல உறைந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் ஊரே லாந்தர்களைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், பாதி விறைத்துக் கிடந்த குட்டியை எடுத்து வந்து, சிவப்புச் சால்வை போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, சுற்றி நின்று பாட்டுப் பாடியது. ஒருவர்கூட, நன்றாகக் கவனியுங்கள், ஒருவர்கூட ‘நீ எடுக்கவில்லை, நாங்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டோம்’ என்று சொல்லவில்லை. செவலை சால்வைக்குள்ளிருந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “பரவால்ல” என்றது. படம் முடிந்தது.

படம் என்றால் கார்ட்டூன் படம். டீவிக்காக எங்கோ எடுத்தது. எங்கள் சிப்பித்துறையில் ஒவ்வொரு டிசம்பர் இருபத்துநாலாம் தேதியும் பொழுது சாயும்போது கோவில் முற்றத்தில் வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையில் அதைப் போடுவார்கள், போட்டு முடித்துத்தான் ஊர் குளித்து உடுத்திப் பூசைக்குப் புறப்படும், நானும் நடக்கத் தொடங்கியதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்த ஒவ்வொரு வருஷமும் அந்தப் ‘பரவால்ல’வில் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று, “யாருமே மன்னிப்பு கேக்காம அது எப்படி மன்னிச்சுது?” என்று கேட்டேன். “அதுதான் கிறிஸ்தவம்” என்றார் வகுப்பெடுத்த சிஸ்டர். “அப்பம் அந்த ஊர்க்காரங்க என்ன மதம்?” என்று கேட்டேன். அன்றைக்கு வகுப்பு முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் உண்மையில் யார் என்ன பேசினார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பு, வெளிநாடு போய்த் திரும்பிய ஒரு பங்குச்சாமி அதை வீடியோ கேசட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அது எந்த நாட்டுப் பேச்சு என்று சொல்வதற்குள் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கேசட்டின் மேல் எழுதியிருந்ததைப் படிக்க ஆளில்லை. ஊர் இளைஞர் மன்றத்தார் சும்மா இருப்பார்களா? படத்தை ஓடவிட்டு, ஒவ்வொருவர் வாயும் எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று விரல்விட்டு எண்ணி, அதற்குள் அடங்குகிற மாதிரி வசனம் எழுதினார்கள். எழுதியவர் என் அப்பா கபிரியேல். கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவரும் அவர்தான். பூசை உடுப்புகள் வைக்கிற அறையின் சன்னல்களைப் பாயால் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு, பனியில் நடுங்குகிறவர்களின் குரலில் அவர்கள் பேசிப் பதிவு செய்தார்கள். இன்றைக்கும் அந்தப் பனிக்காட்டின் பின்னால் காதைக் கொடுத்தால் கடல் கேட்கும், ஓரிடத்தில் மீன்கார சைக்கிளின் ஹார்ன் சத்தம்கூட வரும், எங்களுக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை.

செவலைக்குக் குரல் கொடுத்தது செலஸ்தீன் அத்தை. அத்தை என்றால் முறைக்கு அத்தை. அப்போது பாடற்குழுவில் பாடிக்கொண்டிருந்த சின்னப் பெண். கடைசிக் காட்சியில் செவலையின் வாய் நாலு தடவை திறந்து மூடுகிறது. அப்பா ‘பரவால்ல’ என்று எழுதி நீட்ட, செலஸ்தீன் அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஏன் பரவால்லன்னு சொல்லணும், கபிரியேல் அண்ணன்?” என்று கேட்டாளாம். “கிறிஸ்துமஸ் படத்துல நரி வேற என்னத்த சொல்லும், வாய் நாலு வாட்டிதான் தொறக்குது, சீக்கிரம் சொல்லு, புழுங்குது” என்றாராம் அப்பா. அவளும் சொன்னாள். அம்மாதான் அந்த அறையில் பாய் பிடித்துக்கொண்டு நின்றவள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த கிறிஸ்துமஸில், குடிலில் கிடத்துகிற பாலன் சுரூபத்தின் பொன்முடி காணாமல் போனது. சிறு முத்துகள் பதித்த கிரீடம். எங்கள் ஆட்கள் கடலில் மூழ்கி முத்தெடுத்த காலத்தில் நேர்ந்துகொண்டு செய்து போட்டது. பாடற்குழுப் பெண்களில் ஒருத்தி அதைக் குடிலுக்கு எடுத்து வருவதும், வானவர் கீதம் பாடி மணியடிக்கும்போது குடில் கட்டியவர் அதைப் பாலன் தலையில் வைப்பதும் எங்கள் வழக்கம். அந்த வருஷம் எடுத்து வந்தவள் செலஸ்தீன் அத்தை. மணி அடித்தது, முடி இல்லை. மத்தியானமே அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன் என்றாள் அவள். என் கையெல்லாம் பசை, நான் எதையும் வாங்கவில்லை என்றார் அப்பா. ஊர் அப்பாவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பிறகு அப்பாவை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனது. அவளைத் திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பாட வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். பேசி வைத்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் பேசாமலே விட்டுவிட்டார்கள்.

மறு வருஷம் குடில் கட்டுகிற அன்று காலையில் அப்பா மணியடித்து ஊரைக் கூட்டினார். முடி பாலன் தலையில் இருந்தது. தானாகத் திரும்பி வந்தது, அற்புதம், புதுமை, என்றார்கள். ஒரு முத்து குறைந்திருந்தது, அதைப் பாலன் தமக்கென்று வைத்துக்கொண்டார் என்றார்கள். நன்றிப் பூசை வைத்தார்கள், சலவைக்கல்லில் எழுதிச் சுவரில் பதித்தார்கள். புதுமை நடந்துவிட்ட ஊரில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? பயந்துபோய் அவளே கொண்டுவந்து வைத்திருப்பாள் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்களும் நன்றிப் பூசைக்கு வந்தார்கள்.

செலஸ்தீன் அத்தை ஊரை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடையும், பாடற்குழுவுக்கு அங்கியும் தைத்துக் கொடுத்துக்கொண்டு மேலத்தெருவில் இருந்தாள். ஒவ்வொரு இருபத்துநாலாம் தேதியும் திரை கட்டுவதற்கு முன்னாலேயே கதவைப் பூட்டிக்கொண்டு கடலோரமாக நடந்து பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போய்விடுவாள். அவள் போவாள், அவள் குரலை நாங்கள் போக விடவில்லை. வருஷா வருஷம் அந்தக் குரல் பனியில் நின்று அழ, நாங்களும் அழுதோம், அது பரவால்ல என்று சொல்ல, கைதட்டினோம். குற்றம் செய்வதற்கு முந்தின வருஷமே மன்னிப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்ட ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன டிசம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தேன். எத்தனையோ வருஷம் கழித்து மணலில் உட்கார்ந்து மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். கேசட் தேய்ந்து, குறுந்தகடாகி, இப்போது கேபிள்கார ஜெரோம் அண்ணனின் லேப்டாப்பில் இருக்கிறது. நட்சத்திரம் காணாமல் போனது, செவலையை விரட்டினார்கள், அது பனிக்குள் நின்று திரும்பிப் பார்த்து, “நான் எடுக்கல. யாராவது சொல்லுங்களேன்” என்றது. அடுத்து அது மரத்தடியில் சுருண்டு படுக்க வேண்டும். படுக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு மெல்ல நடந்து திரையின் ஓரத்துக்கு வந்து, வேட்டியின் கீழ்க்கரையில் முன்னங்கால்களை வைத்து, படகிலிருந்து இறங்குகிற பிள்ளை போல மணலில் குதித்தது. அதன்கூட அதன் பனியும் இறங்கி வந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள் நகர்ந்து வழிவிட்டார்கள். யாரோ பின்னாலிருந்து, “ஜெரோமு, என்னல ஆச்சு?” என்றார்கள்.

“படம் ஓடுதுண்ணே. நரியத்தான் காணல.”

“நரி இங்க நிக்குல்லா.”

“அப்பம் சரியாத்தான் ஓடுது.”

திரையில் ஊர்க்காரர்கள் லாந்தர்களோடு காட்டுக்குள் வந்து, மரத்தடியில் யாரும் இல்லாததைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்கள். ஜெரோம் அண்ணன் லேப்டாப்பை மூடினார், அவர்கள் நின்றார்கள். கம்பியைப் பிடுங்கினார், அப்போதும் நின்றார்கள். திரையை அவிழ்த்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டோம். பூசைக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் விடிந்தபோது செவலை ஊருக்குள் இருந்தது. கறுப்புக் கோட்டால் வரைந்து செங்காவி நிறம் அடித்த குட்டி. நேராகப் பார்த்தால் நரி, பக்கவாட்டில் திரும்பினால் ஒற்றைக் கோடு. அது போகிற இடமெல்லாம் அதன் தலைக்கு மேல் ஒரு மீன்வலை விரிக்கிற அகலத்துக்குப் பனி பெய்தது. வெயில் கொளுத்துகிற எங்கள் கடற்கரையில் அந்த வட்டம் மட்டும் வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருந்தது. தெருநாய்கள் ஒரு தடவை முகர்ந்து பார்த்து, வாசனை எதுவும் இல்லாததால் மரியாதையாக விலகிக்கொண்டன. ஏலக்கூடத்தில் ஐஸ் லாரி வராத நாளில் மீனவர்கள் அதைக் கூப்பிட்டு மீன்குவியலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். “செவலை, இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு, சீலா மீனுக்குப் பத்தல” என்றார்கள், அதுவும் தள்ளி உட்கார்ந்தது. கருவாடு காயப்போட்ட பெண்கள், “அந்தப் பக்கமாப் போ தாயி, நனையுதுல்லா” என்று கையாட்ட, அது சுற்றிப் போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வந்தபோது எங்கள் பையன்கள் எங்கிருந்தோ குல்லாவும் ஸ்வெட்டரும் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டு, பனியெல்லாம் எங்களுக்குப் புதுசா என்கிற மாதிரி நின்றார்கள். அதைக் குடிலில் ஆடுமாடுகளோடு சேர்த்து வைக்கலாமா என்று கோவில் கமிட்டி கூடிப் பேசியது. ஒரு நரி அங்கே இருந்ததாக வேதத்தில் இல்லை என்றார் ஒருவர். இல்லை என்றும் சொல்லவில்லையே என்றார் இன்னொருவர். புதுப் பங்குச்சாமி, அது எங்கே உட்காருகிறதோ உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு, இருமலுக்கு மருந்து குடிக்கப் போனார்.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அது ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் உட்கார்ந்து, “நான் எடுக்கல. யாராவது சொல்லுங்களேன்” என்றது.

அது யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் பதில் சொல்லவில்லை. “இந்தா, பிஸ்கட் தின்னு” என்றார்கள். “எங்களுக்கு என்ன தெரியும், கமிட்டில கேளு” என்றார்கள். “பண்டிகை நேரத்துல எதுக்கு அந்தப் பேச்சு” என்றார்கள். என் அம்மா ஒரு கிண்ணத்தில் பாலும் சோறும் பிசைந்து வைத்து, “முதல்ல சாப்பிடு, பெறவு பேசு” என்றாள். சின்னப்பிள்ளைகள் மட்டும், “நீ எடுக்கல, நட்சத்திரம் மணிக்கூண்டுல தொங்குது, எங்களுக்குத் தெரியும்” என்று பட்டென்று சொன்னார்கள். நானும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தெளிவாக, நாலு பேர் காதில் விழும்படி, “நீ எடுக்கல” என்றேன். அது என்னைப் பார்த்துத் தலையசைத்தது. வழி கேட்டவர், வழி தெரியாதவர் சொன்னதையும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நகர்வாரே, அப்படி எழுந்து அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரி. விரட்டியது நான் இல்லையே.

புத்தாண்டு கழிந்தது. திரையில் நின்றவர்களுக்குக் கை வலித்திருக்க வேண்டும், சிலர் லாந்தரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். முற்றத்தில் இரவும் பகலும் அந்த வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மூன்று ராஜாக்கள் திருநாள் நெருங்கியது, அன்றோடு குடிலைப் பிரிக்க வேண்டும், படம் முடியாமல் குடிலைப் பிரிப்பது எப்படி என்று சாமியே குழம்பினார். கடைசியில் கமிட்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. செவலை அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டால் படம் முடிந்துவிடும். அது சொல்ல மாட்டேன் என்கிறது. குரல் கொடுத்தவளே ஒருமுறை சொல்லிவிட்டால்?

மேலத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அப்பாவும் வந்தார், எல்லோருக்கும் பின்னால், செருப்பைப் பார்த்துக்கொண்டு. செலஸ்தீன் அத்தை உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை ஊசி ஒவ்வொன்றையும் எடுத்துத் துணியில் குத்திக்கொண்டே இருந்தாள். வாய் காலியானதும் கேட்டாள்.

“அந்தப் படத்த நான் பாத்து ரொம்ப வருஷமாச்சு. கடைசியில ஊர்க்காரங்க என்ன சொல்லுதாவ, அது பரவால்லன்னு சொல்லும்?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெரோம் அண்ணனுக்குப் பொய் வராது. “ஒண்ணும் சொல்லல. பாட்டுப் பாடுதாவ” என்றார்.

“அப்பம் அதுக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல” என்று அடுத்த ஊசியை எடுத்தாள்.

அன்று மாலை நான் மட்டும் தனியாகத் திரும்பிப் போனேன். எனக்குள் ஒரு பெரிய பேச்சே தயாராக இருந்தது. “அத்தை, அவங்க என்ன செஞ்சாலும் நீங்க மன்னிக்கவே கூடாது” என்று ஆரம்பித்தேன்.

“ஏட்டி பெனிட்டா, நீ என்ன படிக்க?”

“சமூகவியல், முதுகலை.”

“மன்னிச்சுட்டேன்னு சொல்லுன்னு ஊரு சொல்லுது. மன்னிக்க மாட்டேன்னு சொல்லுன்னு நீ சொல்லுத. என் வாயில வார்த்தைய வைக்கதுக்கு எல்லாருக்கும் எம்புட்டு ஆசை.” அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “உனக்குக் கோவம் இருந்தா உன் வீட்ல போய்க் கோவப்படு. அங்கதான் அதுக்கு வேலை இருக்கு.”

வாசல்வரை வந்தவள், “அந்தக் குட்டி எல்லா வீட்டுக்கும் போகுதாம். இங்க மட்டும் வரல” என்றாள்.

“உங்ககிட்ட அதுக்குக் கேள்வி இல்லல்லா, அத்தை.”

அவள் என் சட்டையின் தோள்பட்டைத் தையல் விட்டிருப்பதைக் காட்டி, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றாள், நான் அவளுடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்பா குடிலுக்கான சீரியல் பல்புகளில் எது எரியவில்லை என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செவலை உட்கார்ந்திருந்தது. ஊரில் எத்தனையோ வாசல் இருந்தும் அது பெரும்பாலும் எங்கள் வாசலுக்கே திரும்பி வரும் என்பதைப் பக்கத்து வீட்டார் கவனித்திருந்தார்கள், நல்ல மனசோடு கவனிக்காத மாதிரியும் இருந்தார்கள்.

“அப்பா, அன்னைக்கு அத்தை உங்க கையில முடியக் குடுத்தாங்களா, இல்லையா?”

“அது புதுமைட்டி. புதுமையக் கேள்வி கேக்கக் கூடாது.”

“புதுமைதான் வாசல்ல உக்காந்து கேள்வி கேக்குது” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அப்பா பல்பைத் திருகினார். எரிந்துகொண்டிருந்ததும் அணைந்துபோனது.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று மாலையில் ஜெபம் முடிந்ததும், ராஜாக்களின் சுரூபங்களைக் குடிலில் வைப்பதற்காக ஊர் கூடியிருந்தது. எங்கள் குடிலைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். அதன் பின்னால் நிற்கிற மலையை நாங்கள் வருஷா வருஷம் புதிதாகச் செய்வதில்லை. பழுப்புத் தாளைக் கஞ்சியில் நனைத்துக் கசக்கி, கரித்தூள் தூவி, என் அப்பா வாலிபத்தில் செய்த மலைதான். பண்டிகை முடிந்ததும் அதை அப்படியே மச்சில் ஏற்றிவைத்து, அடுத்த டிசம்பரில் இறக்கி, கிழிந்த இடத்தின் மேல் இன்னொரு தாளை ஒட்டுவார். இப்படி ஒட்டி ஒட்டி அது இப்போது இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கனமாகிவிட்டது.

செவலை கூட்டத்துக்குள் நடந்து வந்தது. ஆடுகளைத் தாண்டி, மாட்டைத் தாண்டி, பாலனுக்கு ஒரு சின்ன வணக்கம் வைத்துவிட்டு, மலையின் மடிப்பு ஒன்றில் ஏறிச் சுருண்டு படுத்தது. பனி பெய்தது. அது படத்தில் படுக்க வேண்டிய மாதிரியே படுத்திருந்ததால் எல்லோரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனி மலைமேல் விழுந்து உருகி, தாளில் ஊறி, கஞ்சி இளகி, போன வருஷத்துத் தாள் முதலில் மெதுவாகக் கழன்று சரிந்தது. அதற்கு முந்தின வருஷத்துத் தாள் அடுத்து. அப்படியே வருஷம் வருஷமாக, யாரோ பொறுமையாக வெங்காயம் உரிப்பது போல மலை பின்னோக்கிப் போனது, நான் பள்ளிக்கூடம் போன வருஷங்கள் போயின, நான் பிறந்த வருஷம் போனது, கடைசியில் அடித்தாள் தெரிந்தது. அந்த மடிப்புக்குள் ஒரு வட்டம் அழுந்தியிருந்தது. சின்னத் தலைக்கு அளவான வட்டம், சுற்றிலும் கூர்கூராக முனைகள். முனை ஒன்றில், காய்ந்த பசைக்குள், ஒரு சிறு முத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சலவைக்கல்லைப் பதித்த கொத்தனார் மட்டும் அந்தக் கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

அப்பா முன்னால் வந்தார். நகத்தால் அந்த முத்தைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சாமி ஒலிபெருக்கியை அவர் பக்கம் நகர்த்தினார், அப்பா அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, முற்றத்தில் இறங்கி, மேலத்தெருவைப் பார்த்து நடந்தார். செவலை எழுந்து அவருக்குப் பக்கத்தில் நடந்தது. அவர் சட்டை நனைந்தது, தலைமுடி வெளுத்தது. ஊர் எழுந்து பின்னால் நடந்தது. பொழுது இருட்டிக்கொண்டு வந்ததால் ஒவ்வொருவராகச் செல்போன் விளக்கைப் போட்டார்கள். திரையைக் கடக்கும்போது பார்த்தேன், அங்கே நின்றவர்கள் வழி தெரியட்டும் என்பது போல லாந்தர்களை உயர்த்திப் பிடித்தார்கள்.

செலஸ்தீன் அத்தை வாசலில் உட்கார்ந்து என் சட்டையின் தோள்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசிகள். அப்பா அவள் முன்னால் நின்றார். என்னிடம் சண்டைக்கு வருகிற அப்பாவை, கமிட்டியில் மேசையைத் தட்டுகிற அப்பாவை எனக்குத் தெரியும், வாசலில் நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த இந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“செலஸ்தீன், நீ எடுக்கல” என்றார். “நீ என் கையிலதான் குடுத்த. கையெல்லாம் பசையா இருந்துச்சுன்னு மடிப்புல வச்சேன். மேல தாள ஒட்டிட்டேன். அன்னைக்குச் சத்தியமா எனக்கு நெனவு இல்ல. மறு வருஷம் மலைய இறக்கி, கிழிஞ்ச தாளப் பிரிச்சப்ப கையில தட்டுப்பட்டுச்சு. அன்னைக்கு நெனவு வந்துச்சு. ஆனா வாய் வரல. புதுமைன்னு சொல்லிட்டேன். அதுக்குப் பெறவு அதுதான் உண்மைன்னு எல்லாரும் சொன்னாவ, நானும் சேந்து சொன்னேன். நீ எடுக்கல. ஊரு கேக்கச் சொல்லுதேன், நீ எடுக்கல.”

தெரு முழுக்க விளக்கு. செவலை அவள் வாசற்படியில் முதல்முறையாக ஏறி, அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் பார்க்கிற பக்கத்தையே தானும் பார்த்தது. அடுத்து என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை வருஷமாகக் கேட்டது. முன்னால் நின்ற சிலருடைய உதடுகள் அந்த வார்த்தைக்காக ஏற்கெனவே குவியத் தொடங்கியிருந்தன. நானோ, சொல்லாதே அத்தை, சொல்லிவிடாதே என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன். முன்பு அவள் என்னிடம் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அப்போதும் நான் அவள் வாயில் ஒரு வார்த்தையை வைக்கத்தான் பார்த்தேன்.

இந்த வருஷம் எங்கள் முற்றத்தில் படம் பார்க்க வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். செவலை திரும்பப் போய்விட்டது. அன்றைக்கே, கூட்டம் கலைவதற்கு முன்னாலேயே, தானாக நடந்து போய்த் திரையில் ஏறிக்கொண்டது. லாந்தர்க்காரர்கள் அதைத் தூக்கிப் போனார்கள், சால்வை போர்த்தினார்கள், பாட்டும் உண்டு. கடைசியில் அதன் வாய் முன்பு போலவே நாலு தடவைதான் திறந்து மூடுகிறது. ஆனால் இப்போது வருகிறது சின்னப் பெண்ணின் குரல் இல்லை, அப்பா எழுதிக் கொடுத்த வார்த்தையும் இல்லை. அன்று மாலை மேலத்தெரு வாசலில் செலஸ்தீன் அத்தை சொன்னதுதான் அதில் இருக்கிறது.

அவள் அவசரப்படவில்லை. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். என் சட்டையை உதறி மடித்து மடியில் வைத்தாள். அப்பாவின் உள்ளங்கையில் கிடந்த முத்தைப் பார்த்தாள், அதை எடுக்கவில்லை, பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“கேட்டுக்கிட்டேன்.”